மேடைக்குப் பின்னால் இரண்டு அறைகள்

நகர மண்டபத்தைச் சுற்றித் தகரம் அடைத்த அன்று பத்திரிகையில் அரைப்பக்கம் எழுதியிருந்தார்கள். தூண்களைப் பற்றி, மாடிப்படியின் மரக் கைப்பிடியைப் பற்றி, வண்ணக் கண்ணாடி சன்னல்களைப் பற்றியெல்லாம் உருகி உருகி எழுதியிருந்தார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மண்டபத்தில் குடியிருந்து, அதைப் பெருக்கித் துடைத்தே கிழவியான மனுஷியைப் பற்றி ஒரு வரி இல்லை. தூணுக்கு இருக்கிற மதிப்பு அவருக்கு இல்லை போலிருக்கிறது. அதனால் நான் எழுதுகிறேன். நான் தையல்காரி. எழுதி வழக்கமில்லை. ஆனால் கோபம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.

அவர் எனக்கு நாத்தனார், என் வீட்டுக்காரருக்கு அக்கா. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஊருக்கெல்லாம் அவர் மண்டபத்தக்கா.

அக்காவின் கணவர் மண்டபத்துக்குக் காவல்காரர். மேடைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளை அவருக்குக் குடியிருக்கக் கொடுத்திருந்தார்கள். ஒன்று, முன்பு நாடகக்காரர்கள் வேஷம் போட்டுக்கொண்ட அறை. சுவரோடு சேர்ந்த பெரிய கண்ணாடி இருந்தது. புதுப்பெண்ணாக உள்ளே நுழைந்த அக்கா, கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, யாரோ வேறு பெண் முன்னாலேயே வந்து நிற்கிறாள் என்று பயந்துவிட்டாராம். இதைச் சொல்லிச் சொல்லி அவரே சிரிப்பார்.

அந்த வீட்டில் குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. மேடையில் நிகழ்ச்சி நடந்தால் இந்தப் பக்கம் ஒரு கரண்டி கீழே விழக்கூடாது. ஒரு தடவை மேடையில் யாரோ ஒருவர் உயிரை விட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அக்காவின் குக்கர் விசிலடித்துவிட்டது. சபையே சிரித்துவிட்டது. செத்துக்கொண்டிருந்த நடிகரும் சிரித்துவிட்டாராம். அன்றிலிருந்து நிகழ்ச்சி நாட்களில் அக்கா அடுப்பு பற்றவைப்பதே கிடையாது. அத்தானும் அவரும் ஆறிப்போனதைத்தான் சாப்பிடுவார்கள்.

அத்தான் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. மண்டபத்துக்கு அப்போதிருந்த மேலாளர் நல்ல மனிதர்தான். காவலையும் கூட்டிப் பெருக்குகிற வேலையையும் சேர்த்து அக்காவிடமே கொடுத்தார். வேலையை நிரந்தரம் செய்யவில்லை. "மண்டபம் இருக்கிற வரைக்கும் நீ இங்க இருந்துக்கம்மா, யாரும் உன்னைக் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க" என்று வாயால் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அக்கா இத்தனை காலம் ஓட்டினார். மண்டபம் நின்றால் அவருக்கு வீடு உண்டு, விழுந்தால் தெருதான். இது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அந்த மேலாளர் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்திருந்தார். பெரிய மனிதர்கள் யாராவது வருகிறார்கள் என்றால் அவர்கள் கண்ணில் ஒரு குறை படக்கூடாது. சரி செய்ய ஆள் இல்லை, அதற்கு அலுவலகம் மனம் வைக்கவேண்டும். ஆகவே மறைத்துவிடு. கால் உடைந்த நாற்காலியா, உள்ளே தள்ளு. கிழிந்த திரையா, உள்ளே தள்ளு. உதிர்ந்த காரையை மூட்டை கட்டி உள்ளே தள்ளு. உள்ளே என்றால் எங்கே? அக்காவின் இரண்டு அறைகளுக்குள்தான். பார்க்க வந்தவர்கள் போனபிறகு எடுத்து வைக்கலாம் என்பது பேச்சு. எடுத்து வைக்கிற இடமே இல்லாததால் அதெல்லாம் அங்கேயே தங்கிவிடும்.

போகப்போக அக்காவின் வீட்டில் நடக்க இடமில்லாமல் போனது. நாற்காலிகளின் நடுவே பாய் விரித்துப் படுப்பார். "அக்கா, உங்க வீட்டுல சமையக்கட்டுக்குப் போகணும்னா டிராபிக் போலீஸ் வேணும்க்கா" என்று நான் கிண்டல் செய்வேன். அவருக்குக் கோபமே வராது. "வெளிய பாரு, எப்படி இருக்கு!" என்பார். வெளியே பார்த்தால் உண்மையிலேயே கண்ணைப் பறிக்கும். எப்போதோ ஒரு மேயரின் மனைவி வந்தபோது, "எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க!" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம். அந்தக் கதையை நான் எத்தனை முறை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. மேயர் மாறி, மேயரின் மனைவியும் மாறி, அக்கா மட்டும் அந்தக் கையை விடவில்லை.

பிறகு கூரை ஒழுக ஆரம்பித்தது. முதலில் மாடி வரிசையில், அப்புறம் மேடையில், கடைசியில் அக்காவின் படுக்கைக்கு மேலேயே. அலுவலகத்தில் சொன்னார். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தார். கிணற்றில் போட்ட கல்தான். அக்கா வாளிகள் வாங்கிவந்து வைத்தார். மழைக்காலம் முழுக்க வாளிகளைக் கொட்டுவதும் வைப்பதுமாகவே போகும். நிகழ்ச்சிகளும் குறைந்துவிட்டன. ஏசி வைத்த புது அரங்குகள் வந்தபிறகு இந்தப் பக்கம் யார் எட்டிப்பார்ப்பார்கள்?

அப்படி இருக்கும்போதுதான் மண்டபத்தை என்ன செய்வது என்று நகர மன்றத்தில் பேச்சு கிளம்பியது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடம், பொதுப் பணத்தைப் போட்டுக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு கூட்டம். சாக்கடை அடைத்துக் கிடக்கிறது, ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுக்கிறார்கள், பழைய செங்கல்லுக்கு எதற்குப் பணம் என்று இன்னொரு கூட்டம். இரண்டாவது கூட்டத்தைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எங்கள் தெருச் சாக்கடையும்தான் வழிந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த மண்டபத்துக்குள் என் மனுஷி ஒருத்தி இருந்தார். அதனால் நான் முதல் கூட்டம்.

காப்பாற்றச் சொன்னவர்களுக்குத் தலைவர் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர். மனு வாத்தியார் என்றால்தான் ஊருக்குத் தெரியும். தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் மனு, தெருநாய் குரைத்தது என்றாலும் மனு. அவர் நடையாய் நடந்து, கெஞ்சக்கூடாதவரிடமெல்லாம் கெஞ்சி, மன்றத்தை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தார். பொறியாளர்கள் வந்து பார்ப்பார்கள். உடனே பழுது பார்க்க வேண்டிய நிலை என்று அவர்கள் எழுதினால் இந்த வருஷமே நிதி ஒதுக்கப்படும்.

வாத்தியார் மண்டபத்துக்கு வந்து அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். "பெரிய இஞ்சினியர்ங்க ரெண்டு பேர் வர்றாங்கம்மா. அவங்க எழுதுறதுதான் எல்லாம். மண்டபம் பொழைக்கிறதும் போறதும் அவங்க கையிலதான் இருக்கு" என்றார். வாளியை எடுக்காதீர்கள், அப்படியே விட்டுவைத்துக் காட்டுங்கள் என்று அவர் சொல்லவில்லை. அதைப்போய் ஒருவருக்குச் சொல்லவேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

அக்காவோ தலைகால் புரியாமல் பரபரத்தார். மண்டபத்தின் உயிரையே கையில் வைத்திருக்கிறவர்கள் வருகிறார்கள். மேயரின் மனைவிக்கே அப்படிச் செய்தவர், இவர்களுக்கு விடுவாரா? மறுநாள் காலையிலேயே தம்பிக்கு ஆள் அனுப்பிவிட்டார். என் வீட்டுக்காரர் பெயிண்டர். எங்கோ மிஞ்சிய வெள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். மேடைப் பக்கத்துச் சுவரில் ஈரம் ஏறி, கதவகலத்துக்குக் கறுத்துப் போயிருந்தது.

"ஈரத்து மேல அடிச்சா பத்தே நாள்ல உரிஞ்சிடும்க்கா" என்றார் இவர்.

"பத்து நாள் எதுக்குடா? ஒரு நாள் நின்னாப் போதும்" என்றார் அக்கா.

மாடி வரிசைக்குக் கீழே ஒரு விரிசல் இருந்தது, கை நுழையும். அதை மறைக்கப் பழைய திரையை ஓரம் அடித்து நான்தான் தைத்துக் கொடுத்தேன். வாளிகளெல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக அக்காவின் அடுப்படிக்குப் போயின. ஆடிக்கொண்டிருந்த நாற்காலிகளும் மூட்டைகளும், படி கழன்ற ஏணியும் உள்ளே போயின. குடும்பமே சேர்ந்து அந்தக் கட்டடத்துக்குப் பவுடர் பூசினோம் என்று வையுங்களேன். பாழாய்ப்போன வானமும் ஒரு வாரமாகச் சொட்டு போடாமல் எங்களுக்கு ஒத்தாசை செய்தது.

பொறியாளர்கள் வந்தார்கள். தலைக்கவசம் போட்ட ஒரு சின்னப் பெண், காமிராவோடு ஓர் ஆண். நல்ல மாதிரியாகத்தான் பழகினார்கள். அன்றைக்கு அவர்கள் பார்க்கவேண்டிய கட்டடங்கள் இன்னும் பாக்கி இருந்தன. சுற்றிவந்தார்கள், சுவரைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். கூரை மேல் ஏற ஏணி கேட்டார்கள். "ஏணி இல்லீங்களே" என்றார் அக்கா. உடைந்த ஏணியை அவர்கள் எதிரில் எப்படிக் கொண்டுவந்து போடுவது?

"பழைய பில்டிங்தான், ஆனா ரொம்ப நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்றாள் அந்தப் பெண். அக்காவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. கல்யாணப் படத்தில்கூட அவர் முகம் அப்படி இல்லை.

மேடைக்குப் பின்னால் போகும் கதவைக் காட்டி, "அந்தப் பக்கம் என்னம்மா?" என்று அந்த ஆண் கேட்டார்.

"அது எங்க வீடுங்க."

"ஓ, சரி சரி. வீட்டுக்குள்ளல்லாம் வந்து உங்களைத் தொந்தரவு பண்ணல."

அவ்வளவுதான். அந்த மண்டபத்தில் இடிந்ததும் உடைந்ததும் ஒழுகியதும் அந்தக் கதவுக்குப் பின்னால் கூரை முட்ட நின்றன. மரியாதை தெரிந்த மனிதர், திறக்காமல் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அக்கா எனக்கும் இவருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். வாளிகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்து குடித்தோம். "இனிமே கவலை இல்லடி. நல்லா இருக்குன்னு அந்தப் பொண்ணே வாயால சொல்லிடுச்சே" என்றார். எனக்கு அப்போதே ஏதோ இடித்தது. என்னவென்று பிடிபடவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

அறிக்கை வந்தது. கட்டடம் திருப்திகரமான நிலையில் உள்ளது, உடனடி நிதி தேவையில்லை. வாத்தியார் அந்தத் தாளைக் கையில் பிடித்தபடி வேர்க்க விறுவிறுக்க மண்டபத்துக்குள் நுழைந்தார். அதற்குள் மழை பிடித்துவிட்டிருந்தது. என் வீட்டுக்காரர் அடித்த வெள்ளை தோல் தோலாக உரிந்து தொங்கியது. வாளிகள் பழைய இடத்துக்கே வந்திருந்தன.

"இந்தச் சுவருக்கு யாரு வெள்ளையடிச்சது?" என்று கேட்டார்.

"நாங்கதான் ஐயா. அவங்க வர்றாங்கன்னு சொன்னீங்களே, பாக்கறப்ப அசிங்கமா இருக்கக்கூடாதுன்னு..." அக்கா முடிக்கவில்லை. வாத்தியாரின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

வாத்தியார் மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன், சண்டை போட்ட ஆறுதலாவது மிஞ்சியிருக்கும். அவர் குடையை எடுத்துக்கொண்டு, "வரேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அக்கா அன்றைக்கு வாளிகளைக் கொட்டவில்லை. நிரம்பி வழிந்து மேடை முழுக்கத் தண்ணீர்.

நகர மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் பொதுமக்களும் பேசலாம் என்று அறிவித்திருந்தார்கள். அக்கா போய்ப் பேசப்போவதாகச் சொன்னார். இவர் துள்ளிக் குதித்தார். "பைத்தியமா உனக்கு? வாயை மூடிக்கிட்டு இரு. பணம் வராட்டிப் போகுது, மண்டபம் நல்லாருக்குன்னு எழுதியிருக்கான்ல, இருக்கிற வரைக்கும் இரு."

"கூரை என் தலைமேல விழுற வரைக்குமாடா?" என்றார் அக்கா. "நான் மறைச்சதை நான்தான் சொல்லணும்."

என் வீட்டுக்காரரைப் பல விஷயத்தில் நான் மதிப்பதில்லை. அன்றைக்கு அவர் சொன்னதுதான் சரி என்று இப்போது தெரிகிறது. ஆனால் நான் அக்கா பக்கம் நின்றேன். உண்மையைச் சொன்னால் யாராவது கேட்பார்கள் என்று நானும்தான் நம்பினேன். துணைக்கும் போனேன்.

அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். மைக் அவர் உயரத்துக்கு எட்டவில்லை. யாரோ வந்து இறக்கி வைத்தார்கள். "அந்த இஞ்சினியர் பொண்ணு மேல தப்பில்லீங்க. நான்தான் எல்லாத்தையும் எடுத்து உள்ள வச்சிட்டேன். ஒழுகுதுங்க. எல்லாப் பக்கமும் ஒழுகுது. வந்தவங்க பாத்தா நமக்குத்தான அவமானம்னு நினைச்சிட்டேன். தயவுபண்ணி இன்னொரு தடவை வந்து பாருங்க, நான் எதையும் தொட மாட்டேன்" என்றார். பின் வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன், நிறுத்திக்கொண்டார்கள். இப்போதைய மேயர் மட்டும் தன்மையாகவே பேசினார். "உண்மையைச் சொன்னதுக்கு நன்றிம்மா. மறுபடி பாக்கச் சொல்றோம்" என்றார். வெளியே வரும்போது அக்கா என் கையை இறுகப் பிடித்திருந்தார். "கேட்டியா, நன்றின்னு சொன்னாரு" என்றார்.

மறுபடியும் வந்தார்கள். அதே பெண்தான், இந்தத் தடவை சிரிக்கவில்லை. அக்காவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஏணியும் அவர்களே கொண்டுவந்தார்கள். கொட்டுகிற மழையில் ஒரு சுவர் விடாமல் தட்டிப் பார்த்தார்கள். அக்கா தானே போய் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். தன் படுக்கைக்கு மேலே கூரையில் மரச்சட்டம் இற்றுப்போயிருந்த இடத்தையும் அவரேதான் கை நீட்டிக் காட்டினார்.

இரண்டாவது அறிக்கை ஒளிவுமறைவு இல்லாதது. கட்டடம் அபாயகரமான நிலையில் இருக்கிறது. பழுது பார்க்க ஆகும் செலவு, முதலில் பேசியதைப்போல் பல மடங்கு. மனிதர்கள் உள்ளே இருக்கத் தகுதியற்றது. நகர மன்றம் பத்து நிமிஷம்கூடப் பேசவில்லை. நன்றாக இருந்தபோது பணம் தேவையில்லை என்றார்கள். இப்போது பணம் போட்டும் பிரயோசனமில்லை என்றார்கள். நடுவில் எப்போதுதான் கொடுப்பார்கள் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. யாரிடம் கேட்பது? பூட்டி வைப்பது என்று தீர்மானம் ஆயிற்று. இடிப்பதும் உடனே இல்லை. இடிக்கவும் பணம் வேண்டுமாம், அதற்கும் நிதி இல்லையாம்.

அக்காவை அந்த வாரமே காலி செய்யச் சொன்னார்கள். நிரந்தர வேலை இல்லாததால் மாற்று வீடு கிடையாது. வாத்தியார் அதற்கும் ஒரு மனு எழுதினார். பாவம், அவருக்கும் அதைவிட்டால் வேறு என்ன தெரியும்? அந்தப் பழைய மேலாளர் சொன்ன வார்த்தைக்குச் சாட்சி இல்லை. அவரே உயிரோடு இல்லை.

காலி செய்த அன்று இவர் பெயிண்ட் ஏற்றுகிற மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு போனோம். இரண்டு அறையும் மூச்சு முட்ட நிறைந்திருக்கிறதே, எத்தனை நடை அடிக்கவேண்டுமோ என்று நான் மலைத்தேன். அக்கா எடுத்து எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்தார். நாற்காலி மண்டபத்துடையது. திரை மண்டபத்துடையது. மூட்டை, ஏணி, விளக்குத் தண்டு எல்லாம் மண்டபத்துடையவை. வாளிகள் அவர் காசில் வாங்கியவை, ஆனாலும் மேடையிலேயே விட்டுவிட்டார். எல்லாம் போக ஒரு பெட்டி, ஒரு பாய், குக்கர், அத்தானின் படம். வண்டியில் பாதி இடம் காலியாகவே வந்தது. இவர் வீட்டுக்கு வந்தபிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைப்பு.

எங்கள் வீடு சின்னது. மகள் படுக்கிற முன்னறை, எங்களுக்கு ஒரு படுக்கையறை, அடுக்களை, பின்னால் பெயிண்ட் டப்பாக்கள் வைக்கிற ஒரு பொந்து. எங்கள் அறையை எடுத்துக்கொள்ளச் சொன்னோம், கேட்கவில்லை. பொந்தைத் துடைத்துப் பாயை விரித்துக்கொண்டார். எனக்குக் காஜா எடுத்து, பொத்தான் தைத்துத் தருவார், பாத்திரம் துலக்குவார். மண்டபத்தைப் பற்றி ஒரு பேச்சில்லை. நானும் கிண்டல் பண்ணுவதை நிறுத்திவிட்டேன். அவரிடம் கிண்டல் பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லாதது. வீடே நோயாளி வீடு மாதிரி ஆகிவிட்டது.

அளவு கொடுக்க யாராவது வந்தால் அக்கா எழுந்து உள்ளே போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். போன மாதம் என் மகளோடு வேலை செய்கிற பெண்கள் மூன்று பேர் முதல் தடவையாக வீட்டுக்கு வந்தார்கள். நான் டீ போட்டுவிட்டு, அக்காவையும் கூப்பிடலாம் என்று பின்னால் போனேன். பொந்தின் கதவு சாத்தியிருந்தது. தள்ளினால் முழுக்கத் திறக்கவில்லை, ஏதோ தடுத்தது.

எட்டிப் பார்த்தேன். முன்னறையில் கிடந்த பிரம்பு அறுந்த நாற்காலி, என்னுடைய வெட்டுத்துணி மூட்டை, மூலையில் இருந்த துடைப்பம், விளிம்பு உடைந்த வாளி, எல்லாம் உள்ளே இருந்தன. நான் பார்க்காத நேரத்தில் ஒன்று விடாமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். அவற்றுக்கு நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா இது? வெளிய வாங்க. பசங்க உங்களைப் பாக்கணும்ல" என்றேன். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"மெதுவாப் பேசுடி, கேக்கப்போவுது" என்றார். "வந்தவங்க போகட்டும். அப்புறமா வரேன்."

"நீங்களும் என்ன உடஞ்ச சாமானாக்கா?"

அக்கா கையை நீட்டி, கதவை உள்ளிருந்தே மெல்லச் சாத்திக்கொண்டார்.

நான் முன்னறைக்கு வந்து டீயைக் கொடுத்தேன். அதில் ஒரு பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "வீட்டை எவ்வளவு நீட்டா வச்சிருக்கீங்க ஆன்ட்டி" என்றாள்.